யூட்டா பாறைப் பூங்காக்கள்: அப்பா அம்மாவுடன் ஒரு வாரம், எதை விடலாம்?

தேன்சிட்டு:
வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மே கடைசியில் யூட்டா பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். லாஸ் வேகஸில் இறங்கி வாடகைக் கார் எடுக்கிறோம். ஸயான், ப்ரைஸ், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், ஆன்டலோப், கிராண்ட் கேன்யன் என்று கணவர் ஒரு பட்டியல் போட்டு, ஒரு வாரத்தில் எல்லாம் முடியும் என்கிறார். அப்பாவுக்கு வயது 71, முழங்கால் வலி உண்டு. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் பள்ளத்தை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பையனுக்கு 9. எல்லோரும் சைவம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

சும்மாசுந்தர்:
பட்டியல் போட்டவரை விட்டுவிட்டுப் போங்கள், மற்றதெல்லாம் சரியாகிவிடும்.

நெவாடாநந்து:
சுந்தர் கிடக்கிறார், விடுங்கள். தூரத்தைப் பார்ப்போம். வேகஸிலிருந்து ஸயான் சுமார் 160 மைல். அங்கிருந்து ப்ரைஸ் இரண்டு மணி நேரம். ப்ரைஸிலிருந்து ஆர்ச்சஸ் இருக்கும் மோவாப் ஊருக்கு நிற்காமல் ஓட்டினாலே நாலரை மணி நேரம் போய்விடும். மோவாபிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு ஒரு பகல் முழுக்க வண்டியில்தான். உங்கள் பட்டியலில் பாதி நாள் எல்லோரும் காருக்குள்தான் இருப்பீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு நடையைவிட மடக்கி உட்கார்ந்தே இருப்பதுதான் கொடுமை.

ப்ரைஸையும் ஆர்ச்சஸையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் இரண்டு மூன்று ராத்திரி தங்குங்கள். நடுவில் 12ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகப் போய் கேப்பிடல் ரீஃபில் ஒரு வேளை நிற்கலாம். எஸ்கலான்டே என்ற ஊரைத் தாண்டியதும் ஓரிடத்தில் சாலைக்கு இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புச் சுவர் கிடையாது. அம்மாவைப் பின் இருக்கையில் நடுவில் உட்கார வையுங்கள், ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கொடிவழி:
நந்து அண்ணா, ஸயானை விடச் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. வேகஸிலிருந்து வருகிறவர்களுக்கு அது வழியிலேயே இருக்கிறது. முதியவர்களுக்கு அதைப்போல வசதியான பூங்கா வேறு இல்லை. பள்ளத்தாக்குக்குள் பேருந்து ஓடும் மாதங்களில் சொந்த வண்டியை விட மாட்டார்கள். பேருந்துக்குக் கட்டணம் இல்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றை ஒட்டி ரிவர்சைடு வாக் என்ற பாதை, போய்வர இரண்டு மைலுக்குச் சற்று அதிகம், தளம் போட்டது. அப்பா முடிந்தவரை நடந்துவிட்டு உட்காரலாம். மற்ற இடங்களில் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறோம், ஸயானில் கீழே நின்று மேலே பார்க்கிறோம். தலை சுற்றும் அம்மாவுக்கு இதுதான் நல்லது.

நெவாடாநந்து:
அதை மறுக்கவில்லை தம்பி. மே கடைசி என்கிறார்களே, மெமோரியல் டே என்ற விடுமுறைக் கூட்டம். பேருந்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறாயா?

கொடிவழி:
காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் வரிசை இல்லை.

சும்மாசுந்தர்:
குடும்பத்தோடு காலை ஏழு மணிக்கு. நல்ல நகைச்சுவை.

கல்லும்மண்ணும்:
தூரக் கணக்கை நந்து சொல்லிவிட்டார். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூங்காக்களை வரிசையாகப் பார்ப்பவர்கள் மூன்றாவது நாளே "எல்லாம் சிவப்புப் பாறைதானே" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். காரை விட்டு இறங்க அலுப்பாக இருக்கும். உண்மையில் ஒவ்வொரு பூங்காவிலும் பாறையைச் செதுக்கிய கை வேறு. அது தெரிந்தால் எங்கே கண்ணை வைப்பது என்று புரியும், இரண்டு இடமே போதும் என்றும் தோன்றும்.

ப்ரைஸில் வேலை செய்தது பனிக்கட்டி. பெயரில்தான் கேன்யன், ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அது இல்லை. பான்சகன்ட் என்ற பீடபூமியின் கிழக்கு விளிம்பு அரிக்கப்பட்டு, அரைவட்ட அரங்குகளாகக் குழிந்து போயிருக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரிகளின் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான் அந்தப் பாறை. இரும்பு கலந்திருப்பதால் ஆரஞ்சும் ரோஜா நிறமும். விளிம்பு 8,000 அடிக்கு மேல் இருப்பதால் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்களில் இரவில் உறைந்து பகலில் உருகும். விரிசலுக்குள் இறங்கிய நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருத்து, விரிசலை இன்னும் கொஞ்சம் பிளக்கும். இப்படியே பீடபூமியின் விளிம்பு மெல்லிய சுவர்களாகப் பிரிகிறது, சுவரில் ஓட்டை விழுகிறது, ஓட்டையின் மேல்பகுதி இடிந்தால் தனித் தூண்கள் மிஞ்சுகின்றன. அவற்றைத்தான் ஹூடூ என்கிறார்கள்.

நவாஹோ லூப் பாதையில் போகிறவர்கள் ஒரே ஒரு தூணின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஓர் அடுக்கு துருத்திக்கொண்டிருக்கும், அடுத்தது உள்வாங்கியிருக்கும், மறுபடி துருத்தல். துருத்துவது கெட்டியான சுண்ணாம்பு, உள்வாங்கியது களிமண் கலந்த மெத்தென்ற அடுக்கு. சில தூண்களின் உச்சியில் தொப்பிபோல இருப்பது டோலமைட் என்ற கல், அது மழையில் எளிதில் கரையாது. தொப்பி இருக்கும்வரைதான் தூணுக்கு ஆயுள். மழைநீரில் இருக்கும் லேசான அமிலம் மற்ற விளிம்புகளை உருட்டி மழுக்கிவிடும். பீடபூமி விளிம்பு நூறு ஆண்டுக்கு ஒன்றிலிருந்து நான்கு அடி வரை பின்வாங்குகிறது. பாறைக்கு அது ஓட்டம்.

ஆர்ச்சஸில் கதை உப்பிலிருந்து தொடங்குகிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் வந்து வந்து வற்றி, ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பு படிந்தது. அதன்மேல் மணற்பாறைகள் அடுக்கடுக்காக ஏறின. அவ்வளவு பாரத்தை உப்பு தாங்காது. பிசைந்த மாவை ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்குவதுபோல நகர்ந்து மேலே வளைந்தது. மேலிருந்த பாறை வளைவு தாங்காமல் இணைகோடுகளாக விரிந்தது. விரிசல்கள் அகன்று நடுவில் நின்றவை நெடிய சுவர்கள். ஆண்டுக்குப் பத்து அங்குல மழைகூட அங்கே பெய்யாது, ஆனால் அந்தச் சிறு நீரே மணல் துகள்களை ஒட்டவைத்திருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். சுவரின் அடிப்பக்கம் உதிர்ந்து உதிர்ந்து துளையாகி, துளை பெரிதாகி, வளைவாகிறது. அப்படிக் கணக்கெடுத்தவை 2,000க்கும் மேல்.

ஸயானில் ஆறு அறுத்திருக்கிறது. சுவர்கள் நவாஹோ மணற்கல், சில இடங்களில் 2,000 அடி கனம். ஜுராசிக் காலத்து மணல் மேடுகள் அப்படியே இறுகிக் கல்லானவை. பாறை முகத்தில் சாய்ந்த கோடுகள் தெரிந்தால், அது காற்று மணலைத் தள்ளிச் சரித்த திசை. பூங்காவின் கிழக்கு வாயிலுக்குப் பக்கத்தில் செக்கர்போர்டு மேசா என்ற குன்றில் இது பளிச்சென்று தெரியும். கார் நிறுத்துமிடத்திலிருந்தே பார்க்கலாம், அப்பா நடக்கவே வேண்டாம்.

கொடிவழி:
அப்படியென்றால் ஸயான் வழியாகவே போகலாம் என்கிறீர்கள். கிழக்கு வாயில் வழியாகத்தானே ப்ரைஸுக்குச் சாலை போகிறது!

கல்லும்மண்ணும்:
வழியாகப் போகலாம், ராத்திரி தங்க வேண்டாம் என்கிறேன். கிழக்கு வாயிலுக்குப் போகும் சாலையில் 1930இல் திறந்த ஒரு மைல் நீளச் சுரங்கப்பாதை இருக்கிறது, அதற்காகவே அந்த வழியில் போகலாம்.

லென்ஸ்மாமா:
எல்லோரும் பாறையைச் சொல்லிவிட்டீர்கள், வெளிச்சத்தை யாரும் சொல்லவில்லை.

ப்ரைஸின் பெரிய அரங்கு கிழக்கு பார்த்தது. சூரியன் உதிக்கும்போதுதான் தூண்களுக்கு உள்ளிருந்து விளக்கு எரிவதாகத் தோன்றும். ஒரு தூணில் பட்ட ஒளி பக்கத்துத் தூணில் பட்டுத் திரும்பி, நிழலில் இருக்கும் பகுதிக்கும் ஆரஞ்சு நிறம் கொடுக்கும். அங்கே சன்செட் பாயின்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரை நம்பி மாலையில் போகிறவர்களுக்கு நிழல்தான் கிடைக்கும். சன்ரைஸ் பாயின்டுக்கும் சன்செட் பாயின்டுக்கும் நடுவில் விளிம்போரமாக அரை மைல், சமதளம், தளம் போட்டது. அப்பா அம்மாவுக்கு ப்ரைஸ் என்றால் அந்த அரை மைல்தான். அதுவே வேண்டிய அளவு.

ஆர்ச்சஸின் டெலிகேட் ஆர்ச் நேர் எதிர். அது மாலைக்கானது. யூட்டா கார்களின் நம்பர் பலகையில் பார்ப்பீர்களே, அந்த வளைவுதான். பக்கத்தில் போகப் போய்வர மூன்று மைல், 480 அடி ஏற்றம், மொட்டைப் பாறை, மருந்துக்கும் நிழல் இல்லை. கடைசியில் பாறைச் சரிவில் ஓரமாக நடக்க வேண்டும். அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். கீழிருந்து பார்க்கத் தனியாக ஒரு காட்சி முனை உண்டு, கார் நிறுத்தத்திலிருந்து சுமார் முந்நூறு அடி நடந்தால் போதும், வளைவு தொலைவில் சின்னதாகத் தெரியும். அதைவிட விண்டோஸ் பகுதியில் டபுள் ஆர்ச்சுக்குப் போங்கள். போய்வர அரை மைல், கிட்டத்தட்ட சமதளம், இரண்டு வளைவும் தலைக்கு மேல் வந்து நிற்கும். பையன் கத்துவான், எதிரொலிக்கும்.

தேன்சிட்டு:
எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் இந்தப் பக்கத்தையே காட்டிவிட்டேன், முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ப்ரைஸும் ஆர்ச்சஸும் என்று சம்மதித்துவிட்டார், ஆனால் ஆன்டலோப் என்ற குறுகிய பாறைப் பள்ளமும் வேண்டும் என்று பிடிவாதம். இணையத்தில் பார்த்த அந்த ஒளிக்கற்றை படம்தான் காரணம். பையன் பாறை மேல் ஏறி விளையாடலாமா?

கல்லும்மண்ணும்:
ஏற விடும் இடம் ஒன்று இருக்கிறது, கேப்பிடல் ரீஃபுக்கும் மோவாபுக்கும் நடுவில் சின்ன விலகல். காப்ளின் வேலி, மாநிலப் பூங்கா. ஆர்ச்சஸில் வளைவுகளான அதே என்ட்ராடா மணற்கல், இங்கே ஆள் உயரக் காளான்களாக ஆயிரக்கணக்கில் நிற்கிறது. பாதை என்று எதுவும் இல்லை, பள்ளத்துக்குள் இறங்கி இஷ்டப்படி சுற்றலாம். 9 வயதுப் பையனுக்கு யூட்டாவிலேயே இதுதான் முதல் இடம் என்பேன்.

ஆனால் எந்தப் பாறையையும் தள்ளவோ அசைக்கவோ கூடாது. 2013 அக்டோபரில் சாரணர் குழுவோடு வந்த பெரியவர்கள் ஒரு காளான் பாறையைத் தள்ளி உருட்டிவிட்டு, சிரித்துக் கும்மாளம் போட்டுக் காணொளியும் எடுத்தார்கள். குழந்தைகள் மேல் விழுந்துவிடக் கூடாதே என்று தள்ளினோம் என்றார்கள். சாரணர் அமைப்பு அவர்களை நீக்கியது, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டு உழைப்பு பத்து விநாடியில் போயிற்று.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆர்ச்சஸிலும் கேன்யன்லேண்ட்ஸிலும் பாதை ஓரத்து மண்ணைக் குனிந்து பாருங்கள். கருத்து, முண்டு முண்டாகப் பொரிந்த மேலோடு இருக்கும். அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாக்டீரியா இழைகள் மணலைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் இருப்பதும் செடி முளைப்பதும் அதனால்தான். ஒரு செருப்புத் தடம் பட்டால் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். படத்துக்காகப் பாதையை விட்டு நாலடி தள்ளி நிற்கிறோமே, அந்த நாலடிதான் கேடு.

சும்மாசுந்தர்:
தள்ளாமலேயே விழத்தானே போகிறது? எதற்கு இவ்வளவு பயம்?

கல்லும்மண்ணும்:
விழும், யார் இல்லை என்றார்கள். ஆர்ச்சஸில் இருக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் கிட்டத்தட்ட 300 அடி அகலம். 1991 செப்டம்பரில் அதன் அடிப்பக்கத்திலிருந்து 60 அடி நீளப் பலகை பெயர்ந்து விழுந்தது, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பாறை முறியும் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அதற்குப் பிறகு வளைவின் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். அதே பாதையில் இருந்த வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் முழுதாக இடிந்தது. 2024 ஆகஸ்டில் பாவெல் ஏரிக்கரையில் இன்னொரு டபுள் ஆர்ச் போயிற்று, அங்கே ஏரி நீர் மட்டம் ஏறி இறங்கியதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். தானாக விழுவதும் நாம் தள்ளுவதும் ஒன்றா சுந்தர்? தாத்தாவுக்கு எண்பது வயது என்று யாரும் மாடியிலிருந்து தள்ளுவதில்லையே.

சும்மாசுந்தர்:
சரி, வாபஸ்.

பாலைப்பறவை:
பையனுக்குச் சொல்ல ஒரு கதை. ப்ரைஸ் பகுதியின் பழங்குடிகள் தெற்குப் பயூட் மக்கள். அந்தத் தூண்கள் எல்லாம் முன்னொரு காலத்தில் மனித உருவில் இருந்தவர்கள், தீய வழியில் போனதால் கயோட்டி என்ற ஓநாய் உருவத் தந்திரக்காரன் அவர்களைக் கல்லாக்கிவிட்டான் என்பார்கள். சிலர் நின்றபடி, சிலர் உட்கார்ந்தபடி, சிலர் ஒருவரை ஒருவர் பிடித்தபடி. முகத்தில் பூசிய வண்ணம்கூட அப்படியே இருக்கிறது என்று 1936இல் ஒரு பயூட் முதியவர் பூங்கா ஊழியரிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. விளிம்பில் நின்று யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று தேடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கைப்பேசி கேட்க மாட்டான்.

கொடிவழி:
ஆன்டலோப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தேசியப் பூங்கா இல்லை, நவாஹோ பழங்குடி மக்களின் நிலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது, முன்பதிவு வேண்டும், விலையும் அதிகம். அப்பர், லோயர் என்று இரண்டு பகுதி. லோயரில் செங்குத்து இரும்பு ஏணிகள், அப்பாவுக்கு ஆகாது. அப்பரில் உள்ளே சமதளம், வெளியேறித் திரும்பும் வழியில் படிகள் உண்டு. ஒளிக்கற்றை கோடையில் நண்பகலை ஒட்டித்தான் விழும், அந்த நேரத்துச் சீட்டுக்குத் தனி விலை.

நெவாடாநந்து:
என்னைக் கேட்டால் வேண்டாம். முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், நடுவில் நாம். நின்று பார்க்க விடுவதில்லை.

லென்ஸ்மாமா:
கூட்டம் உண்மைதான். ஆனாலும் அந்தச் சுவரைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பது தனி. தண்ணீர் சுழன்ற தடம் அப்படியே கல்லில் நிற்கிறது. பணம் கொடுத்தாலும் வருத்தப்பட மாட்டீர்கள்.

பாலைப்பறவை:
குறுகிய பள்ளம் எதுவானாலும் வெள்ளத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1997 ஆகஸ்டு 12 அன்று லோயர் ஆன்டலோப்பில் 11 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் பெருமழை இல்லை, பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பரில் ஸயானின் கீஹோல் பள்ளத்தில் 7 பேர். மொட்டைப் பாறை நீரை உறிஞ்சாது, விழுந்ததெல்லாம் பள்ளத்துக்குத்தான் ஓடிவரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, தூரத்தில் உறுமல் கேட்டாலோ அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் அபாயம் அதிகம், மே மாதம் பரவாயில்லை. ஆனால் மே மாதத்தில் பனி உருகி ஆறு பெருகினால் ஸயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நேரோஸ் பாதையை மூடிவிடுவார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நெவாடாநந்து:
பணக் கணக்கு ஒன்று பாக்கி. 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்குக் கட்டணம் மாறிவிட்டது. ப்ரைஸ், ஸயான், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டிலிருந்து வரும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேப்பிடல் ரீஃப் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டவர் ஆண்டு அனுமதி 250 டாலர், அது இருந்தால் இந்தக் கூடுதல் இல்லை. அப்பா அம்மா ஸயான், ப்ரைஸ் இரண்டும் பார்த்தாலே 400 ஆகிறது, அனுமதியே மேல். இங்கே வசிப்பவர்களுக்கு ஆண்டு அனுமதி அதே 80 டாலர்தான், அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஆர்ச்சஸில் சில ஆண்டுகளாக நேரம் குறித்த முன்பதிவு வைத்திருந்தார்கள், கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

சாப்பாட்டுக்குச் சின்ன மின்சாரக் குக்கர் ஒன்று போதும். மோவாபில் பெரிய மளிகைக் கடை இருக்கிறது, தயிர் கிடைக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். ப்ரைஸுக்கு ஸ்வெட்டர், மே மாதமானாலும் விடிகாலையில் கை விறைக்கும். உயரத்தால் அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் முதல் நாள் சும்மா விடுங்கள்.

தேன்சிட்டு:
அப்பா இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். கிராண்ட் கேன்யனில் விஷ்ணு பெயரில் ஏதோ மலை இருக்கிறதாமே, அதை விடலாமா என்று கேட்கிறார்.

கல்லும்மண்ணும்:
இருக்கிறது ஐயா. நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் அங்கிருந்த பாறைக் கோபுரங்களுக்கு விஷ்ணு ஆலயம், சிவன் ஆலயம் என்று பெயர் வைத்தார். 1882இல் வெளிவந்த அவருடைய ஆய்வறிக்கையில் அவை உண்டு. அவர் பார்த்தது கோபுர வடிவம்தான், நம் ஊரோடு வேறு தொடர்பு கிடையாது. பள்ளத்தின் அடியில் கருத்துக் கிடக்கும் சுமார் 170 கோடி ஆண்டு பழைய பாறைக்கும் விஷ்ணு பெயர்தான். தெற்கு விளிம்பில் டிரெயில் ஆஃப் டைம் என்று ஒரு சமதளப் பாதை உண்டு, ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்கு வைத்துப் பாறைத் துண்டுகளை நட்டிருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இந்த வாரத்தில் நுழைக்காதீர்கள். அதற்கென்று இன்னொரு முறை வாருங்கள்.

தேன்சிட்டு:
"அதற்குள் முழங்கால் என்ன சொல்லுமோ" என்கிறார். சரி, கடைசியாக ஒன்று: ஆன்டலோப் போவதானால் சீட்டில் போட்டிருக்கும் நேரம் யூட்டா நேரமா, அரிசோனா நேரமா?

கொடிவழி:
அரிசோனா நேரம், அதாவது ஆன்டலோப்புக்குப் பக்கத்திலுள்ள பேஜ் ஊர் நேரம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, யூட்டா மாற்றும், அதனால் மே மாதத்தில் யூட்டாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். நவாஹோ நிலத்தில் மாற்றுவார்கள், ஆனாலும் இந்தச் சுற்றுலாக்கள் பேஜ் நேரப்படிதான். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். தானாக மாறுவதை அணைத்துவிட்டு, பீனிக்ஸ் (அரிசோனா தலைநகர்) நேரம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.